80 கி.மீ. வேகத்தில் போக நினைத்தாலும் ஸ்பீடாமீட்டர் முள் 110-க்குப் போவது ஏன்? அதைத் தடுக்க என்ன செய்யலாம்?

"மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறேன். 80, 90-க்குள்தான் போக வேண்டும் என்று நினைத்துத்தான் கிளம்புகிறேன். விழுப்புரம் தாண்டியதும் எப்படியோ 110, 120 ஆகிவிடுகிறது. மனைவி சொன்ன பிறகுதான் எனக்கே தெரிகிறது. இரண்டு முறை இ-சலானும் வந்துவிட்டது. வேகத்தைக் கட்டுக்குள் வைக்க என்ன பழக்கம் வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விழுப்புரம் என்று இடம் குறித்துச் சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை நெரிசல். பிறகு பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக டோல்கேட். விழுப்புரம் புறவழிச்சாலையைத் தாண்டும்போது நீங்கள் ஸ்டியரிங் பிடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குள் கண் வேகத்துக்குப் பழகிவிடும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் அந்த வேகமே மெதுவாகத் தோன்ற ஆரம்பிக்கும். எத்தனை வருட அனுபவம் உள்ள ஓட்டுநருக்கும் இது நடக்கும். காலையில் 80 வேகமாகத் தெரிந்தது, உளுந்தூர்பேட்டை பக்கம் வரும்போது ஊர்வதுபோல் தெரிகிறது. கால் தானாக ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. இதில் மன உறுதிக் குறைவு எதுவும் இல்லை.

சாலையும் இதற்குத் துணை போகிறது. பக்கவாட்டில் பொருட்கள் எவ்வளவு விரைவாகப் பின்னால் ஓடுகின்றன என்பதை வைத்துத்தான் மூளை வேகத்தை மதிப்பிடுகிறது. ஊருக்குள் சுவரும் கடையும் மனிதர்களும் பக்கத்திலேயே இருப்பதால் 50 கூட வேகமாகத் தெரியும். நான்கு வழிச்சாலையில் ஓரத்து மரங்கள் எங்கோ தள்ளி நிற்கின்றன. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுவிட்டால் காற்றின் இரைச்சலும் இல்லை. பழைய அம்பாசிடர் 90-ஐத் தொட்டாலே உடம்பெல்லாம் நடுங்கி ஓட்டுபவருக்குச் சொல்லிவிடும். இன்றைய கார் 120-லும் அமைதியாக இருக்கும்.

ஆகவே எல்லாப் பழக்கங்களுக்கும் அடிப்படையாக ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். இப்போது எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதை உங்கள் உணர்விடம் கேட்காதீர்கள், அது தவறாகத்தான் சொல்லும். முள்ளிடம் கேளுங்கள், எப்போது கேட்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. வேகத்தின் பெரும்பகுதி கிளம்பும் நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பன்னிரண்டரைக்கு வீட்டில் சாப்பாடு என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குத் தாம்பரத்தில் நின்றுகொண்டிருந்தால், நீங்கள் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் விழுப்புரத்துக்கு அப்பால் மிதிக்கத்தான் செய்வீர்கள். கணக்கைப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 300 கி.மீ. அதில் தடையில்லாமல் ஓட்டக் கிடைப்பது 200 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 90-ல் போனால் அந்த 200 கி.மீ.க்கு 133 நிமிடம், 110-ல் போனால் 109 நிமிடம். முழுதாக மிச்சம் பிடித்தாலும் 24 நிமிடம். அதுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. வலது லேனில் அசையாமல் போகும் ஒரு லாரியும், செங்குறிச்சி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்காமல் முன்னால் நிற்கும் ஒரு காரும் அதில் பாதியைத் தின்றுவிடும்.

24 நிமிடம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நேரம் தேவையென்றால் அதைச் சென்னையில் எடுத்துக்கொள்ளுங்கள்: அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். "பன்னிரண்டரைக்கு வந்துவிடுவோம்" என்பதற்குப் பதிலாக "ஒரு மணியிலிருந்து ஒன்றரைக்குள் வருவோம், பசித்தால் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்" என்று ஊரில் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு போன் பேச்சு காலில் உள்ள அழுத்தத்தைக் குறைப்பது போல வேறெதுவும் குறைப்பதில்லை.

அடுத்து, முள்ளைப் பார்க்கும் பழக்கம். "அடிக்கடி பாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டோம். எதைக் கண்டால் பார்ப்பது என்று கட்டிவைத்துக்கொள்ள வேண்டும். மேம்பாலம் ஏறி இறங்கும்போது ஒருமுறை, ஊர்ப் பெயர்ப் பலகை வரும்போது ஒருமுறை. எல்லாவற்றையும்விட முக்கியம், ஓவர்டேக் முடித்து இடது லேனுக்குத் திரும்பியதும் ஒருமுறை.

இந்தக் கடைசி இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு வேகம் ஏறுவது இங்கேதான். 85-ல் போகிறீர்கள். முன்னால் 75-ல் ஒரு ஆம்னி பஸ். வலது பக்கம் வந்து, சீக்கிரம் தாண்டிவிடலாம் என்று 105 வரை ஏற்றுகிறீர்கள். தாண்டியாயிற்று. இன்டிகேட்டர் போட்டு இடது லேனுக்கு வந்தாயிற்று. காலை எடுத்தீர்களா? பெரும்பாலும் இல்லை. அந்த 105 அப்படியே நின்றுவிடும். அடுத்த லாரியைத் தாண்டும்போது தொடக்கப் புள்ளியே 105, முடிவு 118. நான்கைந்து ஓவர்டேக்கில், யாரும் முடிவு செய்யாமலேயே, வண்டி 120-ல் ஓடிக்கொண்டிருக்கும். இதை உடைக்கும் வழி எளிது: இடது லேனில் நேரானதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுங்கள், முள்ளைப் பாருங்கள், அது 85-க்கு இறங்கிய பிறகு மறுபடியும் கால் வையுங்கள். பிரேக் தேவையில்லை. சில பயணங்களில் இது கை இன்டிகேட்டரைத் தேடுவது போலத் தானாக நடக்கத் தொடங்கிவிடும்.

வலது லேன் இன்னொரு பொறி. அங்கேயே தங்கிவிட்டால் பின்னால் ஒரு பெரிய எஸ்யூவி வந்து ஹெட்லைட்டை அடிக்கும். நம் ஊரில் உடனே எழும் உணர்வு, "இவனுக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்" என்பதுதான். அடுத்த கணம் நாமும் 115. அவர் வேகத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. இடம் கிடைத்ததும் இடப்பக்கம் ஒதுங்கிப் போகவிடுங்கள். ஒரு லாரியைத் தாண்ட முடியாமல் நடுவில் மாட்டியிருக்கும்போது பின்னாலிருந்து ஒளி அடித்தால், உங்கள் வேகத்திலேயே தாண்டி முடித்துவிட்டு ஒதுங்குங்கள். அந்தப் பத்து விநாடி அவர் காத்திருக்கட்டும்.

இடைவெளியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி என்பது பலருக்குத் தெரிவதில்லை. முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் மனதுக்குள் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். முடிவதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள், காலை எடுங்கள். மழையில் நான்கு, ஐந்து வரை எண்ணுங்கள். இந்த இடைவெளியில் இன்னொரு கார் வந்து புகுந்துகொள்ளும், அது நடக்கும். மறுபடியும் காலை எடுத்து இடைவெளி விடுங்கள். அதனால் போகும் நேரம் சில விநாடிகள்தான்.

இப்போது வேகத்தின் விலையைச் சொல்ல வேண்டும். 20 கி.மீ. கூடுதலில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி, சாலை காய்ந்திருக்கிறது, டயர் நல்ல நிலையில் என்று வைத்துக் கணக்கிட்டால், 60-ல் போகும் கார் நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும். 80-ல் சுமார் 70 மீட்டர். 100-ல் சுமார் 98 மீட்டர். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக 80-லும் 100-லும் வருகின்றன. ஒரே நேரத்தில் குறுக்கே ஒரு மாட்டைப் பார்க்கின்றன. 80-ல் வந்த கார் மாட்டுக்கு ஓரடி முன்னால் நின்றுவிடுகிறது என்றால், 100-ல் வந்த கார் அதே இடத்தை இன்னும் 70 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். மாட்டின் இடத்தில் ஒரு மனிதரை வைத்துப் பாருங்கள். நடந்து போகிறவரை மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆனாலே அவர் இறக்கும் ஆபத்து நான்கரை மடங்கு ஆகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேக விபத்துகளில் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்திருக்கிறது. அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

உங்கள் பாதையில் இந்தக் கணக்கு எங்கே உயிர்பெறுகிறது தெரியுமா? மீடியன் திறப்புகளில், அதாவது சாலையின் நடுத்தடுப்பில் குறுக்கே கடக்க விட்டிருக்கும் இடைவெளிகளில். நடுவில் அரளிச் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து பூத்திருக்கும். எதிர்த்திசை விளக்கின் கூச்சத்தை மறைக்க அது நல்லதுதான். ஆனால் திறப்பின் ஓரத்தில் அந்தச் செடிக்குப் பின்னால் நிற்பவர் உங்கள் கண்ணில் பட மாட்டார். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா நிற்பார்; ஹேண்டில்பாரின் இருபுறமும் பால் கேன் தொங்க ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் மெல்ல மூக்கை நீட்டும். அந்த மூக்கு தெரியும்போது உங்களுக்கும் அதற்கும் இடையில் 70 மீட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஊரை இரண்டாகப் பிளந்து சாலை போகிறது, வயல் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். மீடியன் திறப்புக்கான மஞ்சள் விளக்கோ போலீஸ் தடுப்போ கண்ணில் பட்டதும் காலை எடுத்து பிரேக் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டியதில்லை. கால் அங்கே தயாராக இருந்தாலே அரை விநாடிக்கு மேல் மிச்சம். 80-ல் அது பதினோரு மீட்டர்.

இரவில் விதி இன்னும் கறாரானது. லோ பீமில் தெளிவாகத் தெரிவது சுமார் 50 மீட்டர்தான். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: 80-ல் நிற்கவே 70 மீட்டர் வேண்டும். வெளிச்சம் எட்டாத இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அதற்குள் நுழைகிறீர்கள். பின்விளக்கு எரியாத கரும்பு டிராக்டரும் ஓரத்தில் பஞ்சராகி நிற்கும் லாரியும் அந்த இருட்டில்தான் இருக்கின்றன. எதிரே யாரும் இல்லாதபோது ஹை பீம் போடுங்கள். லோ பீமுக்கு இறக்கும்போது வேகத்தையும் 60 பக்கம் இறக்குங்கள். இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தைகளோடு போகிற உங்களுக்கு என் யோசனை, விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி ஓட்டத்தின் பெரும்பகுதியை வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மழைக்குச் சுருக்கமாக: டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்த டயர் சட்டப்படியே செல்லாது. நல்ல டயர்கூட, தேங்கிய நீரில் வேகமாகப் போனால் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பிரேக் கேட்காது. ஈரச் சாலையில் 60, 70-ஐத் தாண்டாதீர்கள். கால் வைக்காமலேயே ஒரே வேகத்தில் வண்டியை ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோல் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

காய்ந்த சாலையில், போக்குவரத்து குறைவாக இருக்கும்போது, க்ரூஸ் கன்ட்ரோல் உங்கள் பிரச்சினைக்கு நல்ல மருந்து. 85-ல் போட்டுவிட்டால் கண் பழகிப்போனாலும் வண்டி ஏறாது. பாதம் மட்டும் பிரேக் பக்கமே இருக்கட்டும்; சீட்டில் கால் மடக்கி உட்காரும் பழக்கம் வேண்டாம். அந்த வசதி இல்லாத காரில் எச்சரிக்கை ஒலியாவது இருக்கும். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்கள் எல்லாவற்றிலும் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒலி தொல்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லித் துண்டித்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாட்டின் சத்தத்தை அந்த ஒலி கேட்கிற அளவுக்குக் குறைத்து வையுங்கள். டாக்சிகளுக்கு 80-ல் பூட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். அந்த மஞ்சள் போர்டு வண்டிகள் நாள்தோறும் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் மனைவி சொல்லித்தான் தெரிகிறது என்றீர்கள். அதையே முறைப்படுத்துங்கள். "ஏங்க, மெதுவா போங்க" என்பதில் கண்டிப்பு இருக்கிறது. ஓட்டுபவருக்குச் சுருக்கென்று படும், சில சமயம் வீம்புக்கு இன்னும் மிதிப்பார். அதற்குப் பதிலாக எண்ணை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: "நூத்திப் பத்து." அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை. நீங்களும் பதில் சொல்லாமல் காலை எடுங்கள். பின்சீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுங்கள். மேப்பில் வேகம் காட்டும் போனைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களைவிட நேர்மையாகச் செய்யும்.

சாலையை விட்டு இறங்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். இரண்டு மணி நேரம் 90-ல் ஓட்டிவிட்டுப் பெரம்பலூரில் சாப்பிட சர்வீஸ் ரோட்டுக்கு இறங்குகிறீர்கள். வண்டி ஊர்வதாகத் தோன்றும். முள் 65 காட்டும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள், ராங் சைடில் பைக் வரும். ஊருக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிடம் மூன்றாவது கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேகம் ஏறினால் இன்ஜின் சத்தமே காட்டிக்கொடுக்கும். சென்னைக்குத் திரும்பும்போதும் அப்படியே. நகருக்குள் கார்களுக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிகளுக்கும் 30 என்று 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல் துறை வரம்பு வைத்தது. நெடுஞ்சாலையின் வேகத்தைக் காலில் வைத்துக்கொண்டு பெருங்களத்தூரைத் தாண்டினால் அந்த 60 நிற்பதுபோல் இருக்கும்.

நெடுஞ்சாலையில் காருக்கு எவ்வளவு வரை போகலாம் என்றும் குழப்பம் இருக்கும். நான்கு வழிச்சாலையில் 100, எக்ஸ்பிரஸ்வேயில் 120 என்று 2018-ல் மத்திய அரசு உயர்த்தியது. விபத்துகளைக் காரணம் காட்டி அந்த அறிவிப்பை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓட்டும்போது இந்த வழக்கெல்லாம் நினைவில் இருக்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் நிற்கும் பலகையில் உள்ள எண்தான் வரம்பு. ஊர் அருகில், சந்திப்பில், பாலம் கட்டுமிடத்தில் அது 40-க்கும் இறங்கும்.

பயணத்தின் கடைசிப் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடாலூர் தாண்டியதும் "வீடு வந்துவிட்டது" என்ற எண்ணம் வரும், களைப்பும் இருக்கும், இரண்டும் சேர்ந்து வேகத்தை ஏற்றும். அந்தப் பகுதியில்தான் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரத்தில் மஞ்சள் புடவையும் வேட்டியுமாக நடப்பார்கள், தை முதல் சித்திரை வரை கூட்டம் கூட்டமாக. இரவிலும் நடப்பார்கள். மேல்மருவத்தூர் பக்கம் மார்கழி, தை மாதங்களில் இதே நிலை. பெரம்பலூரில் பத்து நிமிடம் நிறுத்தி, இறங்கி நடந்து, டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் கண் மறுபடியும் புதிதாக வேகத்தைப் பார்க்கும். பழகிப்போன கண்ணுக்கு ஓய்வைத் தவிர வேறு மருந்து இல்லை. விக்கிரவாண்டியிலும் ஒருமுறை இப்படி நின்றால் நல்லது.

கடைசியாக உங்கள் சலான்கள். காரின் அதிவேகத்துக்கு முதல் முறை 1,000 ரூபாய் என்பது 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. மீண்டும் மீண்டும் சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. பணத்தைக் கட்டிவிடுங்கள், ஆனால் சலானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டிலும் இடமும் நேரமும் அச்சாகியிருக்கும். மேப்பில் அந்த இரண்டு இடங்களையும் குறித்துப் பாருங்கள். கடைசியாக எங்கே நின்று ஓய்வெடுத்தீர்கள், அங்கிருந்து எவ்வளவு தூரம், மணி என்ன, அன்றைக்கு என்ன அவசரம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடத்துக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் அடுத்த மாதப் பயணத்தில் வண்டியை நிறுத்துங்கள்.